வருத்தம் கேட்கும் படிப்பு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் தேற்றாத்தீவு கழிந்ததும் களுதாவளை வந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் கிடப்பது வெறும் மணல். அந்த மணலில் தண்ணீர் ஊற்றி ஊற்றியே வெற்றிலையையும் மிளகாயையும் கத்தரியையும் வளர்த்தெடுத்த ஊர் அது. ஊராருக்குச் சுகமில்லாமல் போனால் முதலில் பக்கத்திலிருக்கும் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. அங்கே முடியாவிட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. போதனா வைத்தியசாலை வாட்டில், மூதாட்டி ஒருவரின் கட்டிலடியில் மருத்துவ பீட மாணவர் ஒருவர் கொப்பியும் பேனையுமாக வந்து நிற்பது அன்றாடக் காட்சி.

"அம்மா, என்ன வருத்தம்?"

"ரெண்டு நாளா முட்டு மகன். ராவைக்குக் கூடுது. மறுகா விடியக் கொஞ்சம் சுகம்."

நோயில் பாதி இந்தப் பதிலிலேயே இருக்கிறது. 'முட்டு' என்றால் இங்கே மூச்சு முட்டுதல். இழுப்பு வருத்தக்காரரும் முட்டு என்பார், இருதயம் பலமிழந்து நுரையீரலில் நீர் கோத்தவரும் முட்டு என்பார். இரவில் கூடுவது இரண்டுக்கும் பொருந்தும். அடுத்து என்ன கேட்பது என்று மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதே ஊர்ப்பேச்சு தமிழ்நாட்டுக்குப் போனால் 'முட்டு' முழங்காலாகிவிடலாம். 'வருத்தம்' மனத்துயராகிவிடும். 'பாதையில் வந்தேன்' என்று, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் நோயாளி சொன்னால், மண்டூர்த் துறையில் ஏறிக் குருமண்வெளியில் இறங்கிய படகைச் சொல்கிறார். வெளியூர்க் காதுக்கு அது வெறும் தெரு.

இப்போது அந்த மாணவரின் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது. அதற்குள் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. 'இரண்டு நாள் மூச்சுத்திணறல்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அடுத்த கணமே பத்துக் காரணங்களை வரிசைப்படுத்தித் தரும். ஆனால் மூதாட்டி சொன்னதில் 'ராவைக்குக் கூடுது' என்பதும் 'விடியக் கொஞ்சம் சுகம்' என்பதும் அந்த வரியில் இல்லை. அவற்றை விட்டது இயந்திரம் அல்ல. கேட்டவர் விட்டார்.

மருத்துவப் படிப்பை இந்தப் புதிய கருவிக்கு ஏற்ப எப்படி மாற்றுவது என்று உலகெங்கும் பேசுகிறார்கள். ஈழத்துத் தமிழருக்கு இந்தக் கேள்வி முற்றிலும் புதிதல்ல. மருத்துவ அறிவு வந்துசேரும் வழி மாறும்போது கற்பிக்கும் முறையை எப்படி மாற்றுவது என்று, நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இந்தத் தீவில் தலையைப் பிய்த்துக்கொண்டார். அவர் எடுத்த முடிவும், அது ஏன் நிலைக்கவில்லை என்பதும் இன்றைக்கும் உதவும்.

அவருக்கு முன் இருந்தவர்கள் பரிசாரிகள் என்ற நாட்டு வைத்தியர்கள். கிழக்கில் பரிசாரியாருக்குத் தனி மருத்துவப் பள்ளி இல்லை. மகனோ மருமகனோ கூடவே திரிந்து பழகினான். மூலிகை பிடுங்கப் போகும்போது கூடப் போனான், மருந்து அரைத்தான், நோயாளியின் திண்ணையில் பேசாமல் இருந்து கேட்டான். ஏடு இருந்தது. செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற பெரிய வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்து அரசர்களின் பெயரால் வழங்கின. ஆனால் ஏட்டைப் படித்து வைத்தியர் ஆனவர் இல்லை. ஏடு ஞாபகத்துக்கு, கைப்பழக்கமே படிப்பு. விஷகடி வைத்தியர்களிடம் இன்னொரு பாடமும் இருந்தது. பாம்பு கடித்த செய்தியைக் கொண்டு ஓடிவரும் தூதன் எந்தத் திசையில் நிற்கிறான், என்ன சொல்லில் தொடங்குகிறான், கையை எங்கே வைத்திருக்கிறான் என்பதையெல்லாம் பார்த்துப் பலன் சொல்லும் 'தூதர் இலக்கணம்' அது. இன்றைய மருத்துவம் அந்தப் பலனை ஏற்காது, ஏற்கவும் கூடாது. என்றாலும், நோயாளியைக் காணும் முன்பே செய்தி கொண்டுவந்தவனை உற்றுப் பார்க்கவும் உற்றுக் கேட்கவும் மாணவன் பழகினான் என்பதை அதற்காகத் தள்ளிவிட முடியாது.

1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக சாமுவேல் பிஸ்க் கிறீன் இலங்கைக்கு வந்து இறங்கினார். வயது இருபத்தைந்து. மஸச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்தவர், நியூயோர்க்கில் மருத்துவம் படித்தவர். மறு ஆண்டு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளர் கூட்டம் ஒருவரால் சமாளிக்கக்கூடியதாக இல்லை. ஆகவே வந்த வேகத்திலேயே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திய கதை இது.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, ஆசிரியருக்கும் அதுதான் மொழி. மாணவர்களும் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள். இடையில் ஊருக்குப் போய் 1862இல் திரும்பி வந்த கிறீன் கண்டது வேறு. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் பட்டணத்துக்கும் போய்விடுகிறார்கள். எந்தக் கிராமத்துக்காகக் கற்பித்தாரோ அந்தக் கிராமத்தில் அவர்கள் இல்லை. மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று கிறீன் முடிவெடுத்தார். மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கும் பழக்கத்துக்கும் மாறுவதையும் அவர் விரும்பவில்லை. ஊரில் வாழப்போகிறவர் ஊராராகவே இருக்க வேண்டும் என்று நினைத்தார். கிறிஸ்தவ ஊழியம்தான் அவருடைய முதல் நோக்கம், அதை அவர் மறைத்ததும் இல்லை. அதற்காக அவர் செய்த வேலையின் அளவு குறைந்துவிடாது.

அந்த வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் சொல் இருந்தது. ஆனால் மேல்நாட்டு உடற்கூற்று நூல் ஒவ்வொரு எலும்பிலும் உள்ள ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனிப்பெயர் கேட்கும். கிறீன் முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார். கிடைக்காவிட்டால் வடமொழிக்குப் போனார். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்குள் கொண்டுவந்தார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்று பெயர் வைத்தார். உடலமைப்பைச் சொல்வதற்கு நாட்டு வைத்தியத்தில் முன்பே வழங்கிய பெயர் அது. பரிசாரி மகனுக்கும் விளங்கும். உடற்றொழிலியலைச் 'சுகரணம்' என்றார். அறுவை மருத்துவம் 'இரண வைத்தியம்' ஆயிற்று. இரசாயனவியலுக்கு ஒரு சொல்லும் கைகொடுக்காதபோது 'கெமிஸ்தம்' என்று புத்தகத்துக்குப் பெயரிட்டுவிட்டார். இன்று கேட்டால் விநோதமாக இருக்கும். ஆனால் அந்தப் பெயரில் ஒரு நேர்மை இருக்கிறது. சொல் கிடைக்கும் வரைக்கும் பாடத்தை நிறுத்திவைக்க முடியாது என்று தெரிந்த ஆசிரியரின் சொல் அது.

1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம். கடைசியில் சொன்னது ஹென்றி கிரேயின் பெயர்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழ். கிரேயின் நூல் லண்டனில் வெளியானது 1858இல். பதினான்கே ஆண்டுகளில், அச்சுக் கோப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில், தமிழ் மாணவர் கையில் அது தமிழில் இருந்தது. டான்வர்த், சாப்மன் போன்ற அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தார்கள். மொத்தம் நான்காயிரம் பக்கங்களுக்கு மேல். கலைச்சொற்களைத் தொகுத்துத் தனியேயும் அச்சிட்டார். அவரிடம் பயின்று வெளியேறியவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். 1873இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பிய பிறகும் வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ்த் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884 மே 28 அன்று இறந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று தன் கல்லறையில் பொறிக்கும்படி சொல்லிவைத்திருந்தார். அப்படியே பொறித்தார்கள்.

இத்தனை செய்தும் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவரோடு ஏறத்தாழ முடிந்துபோயிற்று. ஏன்?

ஒரு காரணம் அரசாங்கம். 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி திறந்தது. அதற்குப் பின்னணியில் இருந்ததும் ஒரு தமிழ் நிலத்தின் துயரம்தான். வன்னிப் பகுதியில் 'யோஸ்' (yaws) எனப்படும் பறங்கி நோய் பரவிச் சனத்தொகை தேய்ந்துகொண்டு போவதை மருத்துவர் ஜேம்ஸ் லூஸ் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அவரே புதிய பள்ளியின் முதல் தலைவரும் ஆனார். நோய் வன்னியில், பாடம் ஆங்கிலத்தில். உத்தியோகமும் அங்கீகாரமும் அந்தப் பக்கமே போயின.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. கிறீனின் பெரிய நூல்கள் 1872இல் வெளிவந்தன. 1882இல் ரொபேட் கொக் கசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். மறு ஆண்டுகளில் வாந்திபேதிக் கிருமியையும் அடையாளம் காட்டினார். மருத்துவத்தின் அடித்தளமே பத்தாண்டில் பெயர்ந்தது. கிருமி என்ற கருத்து நிலைபெறும் முன்பே அச்சான தமிழ் நூல்கள் அப்படியே நின்றுவிட்டன. ஆண்டுதோறும் திருத்திப் புதுப்பிக்க அமைப்பு இல்லை, பணமும் இல்லை, இரண்டாம் தலைமுறை ஆசிரியரும் இல்லை. தமிழால் முடியாமல் போகவில்லை. தொடர்ந்து உழைக்க ஆள் இல்லாமல் போயிற்று.

மானிப்பாய்க் கதையின் அடுத்த கண்ணி மட்டக்களப்புப் பக்கத்தில் இருக்கிறது. களுதாவளையிலிருந்து அதே வீதியில் தெற்கே போனால் கல்முனையைத் தாண்டிக் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த மயில்வாகனம்தான் பிற்காலத்தில் சுவாமி விபுலானந்தர். அவர் எழுதிய யாழ்நூலால் அவரை இசையறிஞராக நினைப்பவர்கள் அதிகம். ஆனால் அவர் விஞ்ஞானம் படித்தவர், விஞ்ஞானம் கற்பித்தவர். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். கிறீன் தமிழில் உடற்கூறு சொல்லிக்கொடுத்த அதே ஊர். பிறகு சென்னைக்குப் போய்த் துறவு பூண்டார். 1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அறிவியல் கலைச்சொற்களை ஆக்குவதற்காக அறிஞர்களைக் கூட்டியபோது தலைமை தாங்கியவர் இவர்தான். 1938இல் வெளிவந்த கலைச்சொல் தொகுதி அந்த முயற்சியின் பலன். கிறீன் தனி ஒருவராகத் தேடிய சொற்களைச் சபையாகக் கூடி விவாதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே வந்தது. இலங்கையில் பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள், இன்றைக்குக் களுதாவளை மகா வித்தியாலயத்துப் பிள்ளை உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் எழுதுவது எல்லாம் இந்த வழியில் வந்த வரவு.

ஆனால் உயர்தரம் கழிந்து மருத்துவ பீடத்து வாசலை மிதிக்கும் அன்றைக்கு அந்தத் தமிழ் நின்றுவிடும். அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம்.

கிழக்கில் மருத்துவ பீடம் வந்தது மிகப் பிந்தி. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில்தான் மருத்துவ மாணவரைச் சேர்க்கத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்து போன கரை அது. அப்போது யுத்தமும் முடிந்திருக்கவில்லை. மருத்துவர்கள் வரத் தயங்கிய மாவட்டத்தில் மருத்துவரை உருவாக்கும் இடம் ஒன்று திறந்தது சின்ன விஷயமல்ல. இங்கே படிக்க நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் சிங்களம் தாய்மொழியானவர்களும் இருக்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில், மாணவரின் தாய்மொழி சிங்களம், நோயாளியின் பேச்சு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையின் தமிழ். ஒரே கட்டிலைச் சுற்றி மூன்று மொழிகள்.

கிறீன் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பினால் இது. அவர் காலத்தில் மாணவருக்கு நோயாளியின் மொழி தெரியும், நூலின் மொழிதான் தடை. இப்போது நூலின் மொழி எல்லாருக்கும் தெரியும், சிலருக்கு நோயாளியின் மொழி தடை.

இந்த நிலையில்தான் 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மூன்று மாதம் ஆவதற்குள், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுக் கேள்விகளில் அது தேர்ச்சி மதிப்பெண்ணின் விளிம்பைத் தொட்டதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. கூகுளின் மருத்துவ மாதிரி ஒன்று 2023இல் அதே வகைக் கேள்விகளில் 86.5 வீதம் எடுத்தது. மருத்துவ ஆசிரியர்கள் திகைத்ததில் வியப்பில்லை. ஐந்து ஆண்டு கண்விழித்துப் படித்து எழுதும் பரீட்சையை, நோயாளியின் நாடியை ஒருநாளும் தொட்டிராத ஒன்று எழுதிவிடுகிறது. அப்படியானால் பரீட்சை எதைச் சோதித்துக்கொண்டிருந்தது?

இலங்கையின் பழைய பழக்கம் ஒன்று இந்த இடத்தில் கைகொடுக்கிறது. இறுதி எம்.பி.பி.எஸ். பரீட்சையில் எழுத்துத் தாளோடு 'லோங் கேஸ்', 'ஷோர்ட் கேஸ்' என்பவையும் உண்டு. மாணவர் உண்மையான நோயாளியிடம் தனியே இருந்து கதை கேட்டு, உடலைச் சோதித்து, பரீட்சகர் முன் நின்று சொல்ல வேண்டும். நோயாளி அழுவார், கோபிப்பார், கதையை நடுவிலிருந்து தொடங்குவார், வேண்டாத மைத்துனர் கதையெல்லாம் சொல்வார். அதற்குள்ளிருந்து நோயைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆட்பலம் கூடுதலாகத் தேவைப்படுகிறது, எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி நோயாளி கிடைப்பதில்லை என்ற குறைகள் இந்த முறைக்கு உண்டு. இருந்தாலும் இயந்திரம் எழுத முடியாத தாள் இதுதான். இதை விட்டுவிடாமல் காப்பதோடு, இதன் எடையைக் கூட்டுவதே இப்போதைக்குச் சரியான வழி.

இயந்திரத்தை வாட்டுக்கு வெளியே நிறுத்திவிடலாம் என்பது ஆகாத காரியம். மாணவர் ஏற்கெனவே பயன்படுத்துகிறார். எந்த வேளையில் திறக்க வேண்டும் என்பதே கேள்வி.

மட்டக்களப்பின் ஒரு நோயை எடுத்துக்கொண்டால் விளங்கும். மெலியோய்டோசிஸ் என்பது மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது. 1912இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் முதலில் விவரித்தார்கள். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளர் அறிக்கை உண்டு. அதன் பிறகு நெடுங்காலம் இந்தத் தீவில் அது அரிது என்றே நினைத்திருந்தார்கள். 2006ஐ ஒட்டிக் கொழும்பு மருத்துவ பீடத்தின் ஈனோகா கொரேயாவும் அவருடன் சேர்ந்தவர்களும் முறையாகத் தேடத் தொடங்கிய பிறகுதான் இது இலங்கை மண்ணிலேயே குடியிருக்கும் நோய் என்பது தெளிவாயிற்று. மட்டக்களப்பு மாவட்டம் அதில் முக்கியமான இடம். மாரி மழையில் வயலில் இறங்கும் விவசாயி, அதுவும் சீனி வருத்தம் உள்ளவர், காய்ச்சலும் இருமலும் மெலிவுமாக வருவார். நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்தால் கசம் போலவே இருக்கும். ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி இருக்கலாம். இரத்தம், சீழ் போன்றவற்றை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பாமல் உறுதி செய்ய முடியாது. பிழையாகக் கசத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் தப்புவது கடினம்.

மாணவர் இயந்திரத்திடம் 'காய்ச்சல், இருமல், எடை குறைவு' என்று மட்டும் கொடுத்தால் கசத்தை முன்னுக்கு வைப்பது இயல்பு. 'மட்டக்களப்பு, வயல் வேலை, நவம்பர் மழை, நீரிழிவு' என்று சேர்த்துக் கொடுத்தால் மெலியோய்டோசிஸ் மேலே ஏறிவரும். அறிவு இயந்திரத்திடம் இருக்கிறது. திறப்பு மாணவரிடம் இருக்கிறது. 'ஐயா, என்ன வேலை? கடைசியா எப்ப வயலுக்க இறங்கினீங்க? காலில காயம் ஏதும் இருந்ததா?' என்று கட்டிலடியில் கேட்டவருக்குத்தான் அந்தத் திறப்பு கிடைக்கும்.

பாம்புக்கடியில் வேறொரு ஆபத்து இருக்கிறது. இலங்கை பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது, இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்தது. இலங்கையில் மிகுதியாகக் கடிக்கும் விஷப்பாம்புகளில் ஒன்று, மூக்கு மேல்நோக்கி எழும்பிய சிறிய குழிவிரியன். அதன் விஷத்துக்கு இந்த மருந்து வேலை செய்யாது. கொடுத்தால் ஒவ்வாமை மட்டும் மிஞ்சலாம். இந்திய வழிகாட்டிகளையும் கட்டுரைகளையும் பெருமளவு படித்த இயந்திரம் 'விரியன் கடி, விஷமுறிவு கொடு' என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னால், அந்தத் தெளிவில் மயங்காமல் 'எந்த விரியன்?' என்று கேட்கும் மாணவர் வேண்டும். பிழையான விடையும் சரியான விடையும் ஒரே குரலில் வருவதுதான் இந்தக் கருவியின் இயல்பு. இல்லாத ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பும் ஆண்டும் போட்டுத் தந்த சம்பவங்கள் உலகமெங்கும் பதிவாகியிருக்கின்றன.

ஆகவே ஒழுங்கு முக்கியம். முதலில் நோயாளி, அவருடைய சொல்லிலேயே குறிப்பு. பிறகு மாணவரின் சொந்த ஊகம், பேனையால் எழுதப்பட்டது, பின்னர் அழிக்க முடியாதது. அதற்குப் பிறகு இயந்திரம். கடைசியில் ஆசிரியர் முன்னால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே பிழைத்தது என்ற விசாரணை. நோயாளியின் பெயரும் ஊரும் இயந்திரத்துக்குள் போகக் கூடாது என்பது வேறு. 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதற்கும் முந்திய மருத்துவ ஒழுக்கமும் இருக்கிறது.

ஒழுங்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் போலந்திலிருந்து 2025இல் ஓர் ஆய்வு வந்தது. பெருங்குடலைக் கமெரா விட்டுப் பார்க்கும் அனுபவசாலி மருத்துவர்கள் செயற்கை நுண்ணறிவின் துணைக்குப் பழகினார்கள். அதன் பிறகு துணையில்லாமல் செய்த சோதனைகளில், புற்றுநோயாகக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடிக்கும் அளவு 28.4 வீதத்திலிருந்து 22.4 வீதமாக இறங்கியது. கைதேர்ந்தவர்களுக்கே இப்படி. இன்னும் கையே பழகாத மூன்றாம் வருட மாணவருக்கு? கண்ணால் காணும் பழக்கம் வரும் முன்பே ஊன்றுகோல் கொடுத்தால் நடை வராது.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளலாம். இலங்கை ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணும் புற்றுநோய் வாய்ப்புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை அதன் பெரிய காரணம். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. வெற்றிலை விளையும் ஊரில், வெற்றிலைத் தட்டு இல்லாத நல்லகாரியம் இல்லாத பண்பாட்டில், சலரோகத்துக்கு வந்தவரானாலும் வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறத்தை லைற் அடித்துப் பார்க்கும் பழக்கம் மாணவருக்குக் கைவர வேண்டும். இயந்திரம் அதை நினைவூட்டலாம். டோர்ச்சைப் பிடிப்பது மாணவரின் கை.

குறைகளை மட்டும் சொல்வது நியாயமாகாது. இந்தக் கருவி மட்டக்களப்பு மாணவருக்குத் தரக்கூடியது நிறைய. கொழும்பு நூலகங்களுக்குப் போக முடியாதவருக்கு நள்ளிரவில் பொறுமையாக விளக்கம் சொல்லும். கேட்க வெட்கப்பட்ட கேள்வியை வெட்கமின்றிக் கேட்கலாம். நோயாளியாக நடித்து, கதை கேட்கும் பயிற்சியும் தரும். சிங்கள மாணவர் ஒருவர் வாட்டுக்குப் போகும் முன் தமிழில் பத்து முறை பழகிப் பார்க்கலாம். இவை நல்ல உதவிகள். ஆனால் அந்தப் போலி நோயாளி பேசும் தமிழ் எது? இயந்திரம் கற்ற தமிழில் பெரும்பங்கு பத்திரிகைத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும்தான். தமிழ் எழுத்தை அது ஆங்கிலத்தைவிடப் பல துண்டுகளாக உடைத்துத்தான் வாசிக்கிறது. அந்தப் பயிற்சியில் 'எனக்கு மூச்சுத் திணறல் ஏற்படுகிறது' என்று ஒரு நோயாளி சொல்வார். களுவாஞ்சிகுடியில் அப்படிச் சொல்லும் நோயாளி யாரும் இல்லை.

இங்கேதான் கிறீனும் விபுலானந்தரும் விட்டுப்போன வேலை மிச்சம் இருக்கிறது. அவர்கள் மேலிருந்து கீழே வந்த சொற்களைத் தேடினார்கள், நூலில் உள்ளதைத் தமிழில் சொல்ல. இப்போது கீழிருந்து மேலே போகும் சொற்கள் வேண்டும். முட்டு, இழுப்பு, தடிமன், செங்கமாரி, நெருப்புக் காய்ச்சல், ஏற்பு, வயிற்றால் போதல், சீனி. 'அம்மாள் வருத்தம்' என்று வீட்டில் சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கொப்புளம் என்பதோடு, கண்ணகி அம்மனின் குளிர்த்தி, வேப்பிலை, வீட்டுக்கு ஆள் வராமை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதில் தயக்கம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியபோது இந்த மண்ணின் பேச்சையும் வழக்கையும் பதிவு செய்தார். அதுபோல வாட்டில் கேட்கும் தமிழையும் ஒவ்வொரு வருடத்து மாணவரும் எழுதிச் சேர்த்தால், பத்து வருடத்தில் எந்த இயந்திரத்திடமும் இல்லாத அகராதி ஒன்று மட்டக்களப்பில் இருக்கும். ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வைக்கும் 'நூலகம்' போன்ற முயற்சிகள் 2005 முதல் நடக்கின்றன. வைக்க இடம் உண்டு. ஆனால் 1872இன் புத்தகங்கள் போல ஒருமுறை அச்சிட்டு நிறுத்திவிடக் கூடாது. வருடா வருடம் திருத்தும் ஆள் வேண்டும்.

அந்த வாட்டில் மாணவர் இன்னும் கைப்பேசியை எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

"முட்டு எப்ப கூடும் அம்மா? படுத்தாலா, நடந்தாலா?"

"படுத்தாத்தான் மகன். ரெண்டு தலகாணி வைச்சுச் சாஞ்சுதான் படுக்கிறன். நேற்று அதுவும் ஏலாம எழும்பி இருந்திட்டன்."

"கால் வீங்குதா?"

மூதாட்டி சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறார். மாணவர் குனிந்து, கணுக்காலுக்கு மேலே விரலை வைத்து அழுத்தி எடுக்கிறார். குழி விழுந்து அப்படியே நிற்கிறது. இருதயம் என்று அவருக்குள் ஒரு எண்ணம் ஓடுகிறது. கொப்பியில் முதலில் அதை எழுதவில்லை. 'ரெண்டு தலகாணி' என்று எழுதுகிறார், தமிழிலேயே.